அண்ணாவின் வலது தொடை

1. ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக் கொல்லையில் அண்ணா தண்டாலும் பஸ்கியும் முடித்துவிட்டு மணல் மூட்டைக்கு வந்தான்.
2. முழங்காலை மடக்காமல் குனிந்து மூட்டையைத் தூக்கினான்.
3. பாதி தூக்கும்போது வலது தொடையின் பின்பக்கம் ஏதோ பட்டென்று விட்டது.
4. மூட்டையை அவன் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் அணைத்து, நிதானமாக, சத்தம் வராமல் இறக்கி வைத்தான்.
5. பிறகு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லைடீ, சுளுக்கு" என்றான்.

நான்காவதுதான் காலைக் கெடுத்தது. அப்போதே கைவிட்டிருந்தால் தசையில் சின்னக் கிழிசலோடு போயிருக்கும்.

"ஏன் போடலை?" என்று கேட்டேன்.

"போட்டுப் பழக்கமில்லை."

உண்மைதான். ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாட்டில் பல்லக்கைத் தோளில் சுமப்பவர்களில் அவன் ஒருவன். முன்பக்கம், இடது தண்டு. மணல் மூட்டையெல்லாம் அதற்கான தயாரிப்பு. மார்கழி ஏகாதசிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்று சந்நிதியிலிருந்து சிங்கம் நடப்பதுபோல அடி வைத்து, நின்று, மறுபடி அடி வைத்து வர வேண்டும். காலை இழுத்து நடப்பவன் தோளில் பல்லக்கு சாயும். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவன் வருஷம் முழுவதும் கொல்லையில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

நான் சென்னையில் பிசியோதெரபி படித்து, திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்மாவின் கணக்கில் அது கை கால் பிடித்துவிடுகிற உத்தியோகம். "ஊரார் காலெல்லாம் பிடிக்கறியே, உங்கண்ணா காலைப் பாரேன்" என்றாள்.

பார்த்தேன். காந்தி மார்க்கெட் பக்கத்திலிருந்து மரத்தூளில் பொதிந்த ஐஸ் பாளம் ஜட்காவில் வந்தது. கட்டுப் போட்டேன். சுவரில் ஒரு பட்டியல் ஒட்டினேன்: சைக்கிள் கூடாது, மாடிப்படி கூடாது, கிணற்றில் நீர் இறைக்கக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, எண்ணெய் போட்டு நீவக் கூடாது.

"மூச்சு விடலாமா?" என்றான் அண்ணா.

"மெதுவா விடலாம்."

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது காலை மடக்காமல் எவ்வளவு உயரம் தூக்க முடிகிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். முதல் கோட்டைவிட இரண்டாவது இரண்டு விரற்கடை மேலே இருந்தது. மூன்றாவது அதே இடத்தில் நின்றது. நான்காவது கீழே இறங்கியது.

சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பட்டியலில் இருந்த எதையும் செய்யவில்லை என்றான் அண்ணா. முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரியும் இல்லை.

அந்த வாரம் ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் வடக்கு வீதிப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அண்ணாவின் காலை விசாரிக்க வந்தவர். அண்ணா அவர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தான்.

"கால் தேவலையா?" என்றார் அவர்.

"தேவலை ஸ்வாமி" என்று தரையிலிருந்து பதில் வந்தது. பிறகு வலது காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான்.

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை பேர் வரா?"

"ஆறு பேர், ஏழு பேர். எல்லாருக்கும் அவன்கிட்ட அவ்வளவு பிரியம்."

"எல்லாரையும் விழுந்து சேவிக்கறானா?"

"பெரியவா வந்தா சேவிக்காம?"

அண்ணா சுவரைக் காட்டினான். "நீ எழுதலையேடீ."

எழுதவில்லைதான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அது உடம்பை வளைக்கிற காரியம் என்று எனக்கே தோன்றவில்லை. நான் படித்த புத்தகங்களிலும் அது இல்லை. நலம் விசாரிக்க வந்தவர்களே நாளுக்கு ஏழு தரம் அந்தத் தசையைப் பிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் சேவிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டவும் முடியாது. யோசித்து, கூடத்தில் கட்டிலைப் போட்டேன். தூங்குகிறவன் எழுந்து சேவிக்க வேண்டியதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அண்ணா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

"பெரியவா நிக்கறா, நான் படுத்துண்டு நடிக்கறதா?"

"ஆமாம். மூணு வாரம்."

தூங்குகிறவனைப் பற்றி மனிதர்கள் தாராளமாகப் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமப்பவர்களில் மூத்தவர் ஒரு சாயங்காலம் வந்து, குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னார்: "இவன் இல்லாம முன்பக்கம் ஆடறது. இந்தத் தோள் உசரத்துக்கு ஆள் இல்லை. ஏகாதசிக்கு இவன் இடத்தை நான் யாருக்கும் இன்னும் சொல்லலை." அண்ணா கண்ணைத் திறக்கவில்லை. தலையணையில் காதோரம் மட்டும் நனைந்தது.

கோடு மறுபடி ஏறத் தொடங்கியது. மூன்று வாரம் கழித்து, சேவிப்பதற்கே ஒரு முறை எழுதிக் கொடுத்தேன்: இடது முழங்கால் முதலில், பிறகு கைகள், வலது கால் கடைசியில், எழும்போதும் இடது காலை ஊன்றித்தான். நாளுக்கு இரண்டு தரம், என் முன்னால்.

ஏகாதசிக்கு மூன்று நாள் முன்னால், கொல்லையில் மணல் மூட்டையை அவன் தோளில் நானும் அம்மாவுமாக ஏற்றினோம். சிங்க நடை நடந்து காட்டினான். போகும்போது நன்றாக இருந்தது. திரும்பும்போது, நின்று அடுத்த அடி எடுக்கும் இடத்தில், வலது கால் ஒரு கணம் யோசித்தது. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"சொல்லுடீ."

"ஏகாதசிக்கு வேண்டாம். தை மாசம்."

மூட்டையை இறக்கி வைத்தான், அதே நிதானத்தோடு. "சரி" என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை. அம்மா என்னோடு பேசவில்லை.

மறுநாள் அவனே மூத்தவரிடம் போய்ச் சொன்னான். அவனுக்குப் பதிலாக வந்தவர் இரண்டு விரற்கடை குட்டை. ஏகாதசியன்று அண்ணா தன் மேல்வேஷ்டியை எட்டாக மடித்து, அவர் தோளில் வைத்து, தண்டு சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு விலகி நின்றான். பல்லக்கு ஆடாமல் வந்தது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சொன்னபடி தையில் தண்டு பிடித்தான். அதன் பிறகு ஒரு புறப்பாடும் தவறவில்லை. சுவரில் இரண்டு காலுக்கும் இப்போது ஒரே கோடு. இடது முழங்காலை முதலில் வைத்துத்தான் சேவிக்கிறான். மணல் மூட்டையை முழங்கால் மடக்கித்தான் தூக்குகிறான். கீழே மட்டும் இன்னும் போடுவதில்லை.