கறையில்லாத பச்சைத் துணிகள்

அந்த ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் நுரை என்றுதான் கூப்பிடுவார்கள். சலவைப் பிரிவில் பத்தொன்பது வருட வேலை. எப்போது பார்த்தாலும் முழங்கை வரை சோப்பு. அந்தப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. மேலே நான்கு மாடியில் என்ன நடந்தாலும் அது அவருக்குத் துணியாகத்தான் வந்து சேரும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து பச்சைத் துணி மூட்டை இறங்கியதும், ரத்தத்தில் தோய்ந்தவற்றைத் தனியே பிரித்துப் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போடுவார். ஒரு புள்ளி, இரண்டு புள்ளியோடு வரும் துணிகளைக் கண்டால்தான் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"தொட்டும் தொடாம எறிஞ்சிருக்காங்க பாருக்கா. நம்ம கஷ்டம் மேல இருக்கிறவங்களுக்கு எங்க தெரியுது?" என்று துணி மடிக்கும் அக்காவிடம் புலம்பிக்கொண்டே அவற்றையும் இயந்திரத்துக்குள் திணிப்பார்.

ஆபரேஷன் என்றால் அவர் மனதில் நின்றது அந்த ஊறப்போட்ட குவியல்தான். பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் கீழே இறங்கி வந்து அவரிடம் சொல்லிக்கொண்டா போவார்கள்?

அவர் மனைவி பைண்டிங் கடையில் தாள் மடிப்பவள், நல்ல வாயாடி. "ஊர் அழுக்கையெல்லாம் இவர் துவைக்கிறாரு, இவர் சட்டையை மட்டும் நான்தான் துவைக்கணும்" என்று யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள். ஒரு திங்கட்கிழமை காலை, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு வாந்தி. வாயுத்தொல்லையாக இருக்கும் என்று அவரே முடிவுகட்டினார். தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். துண்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, சூட்டோடு அவள் வயிற்றில் வைத்தார்.

செவ்வாய் காலை வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை, இருமினால் உயிர் போனது. அவர் விரல் வைத்து அமுக்கிப் பார்த்தார். அமுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டவள், விரலை எடுத்தபோது அலறிவிட்டாள்.

"என்னங்க, உங்க ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

"போனா வயித்தைக் கிழிச்சுடுவாங்கம்மா. நான் தினமும் பாக்கிறேன்ல."

"நீங்க துணியைத்தானே பாக்கிறீங்க" என்றாள் அவள்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பயந்தாங்கொள்ளி மனிதர், அந்தப் பயத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தார். அன்று மதியம் வலி சட்டென்று விட்டது. அவள் கண்ணை மூடி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று அவர் மறுபடி துண்டைச் சூடாக்கினார். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

புதன்கிழமை விடிந்ததும் அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. வயிறு பலகைபோல் இறுகி, எங்கே தொட்டாலும் துடித்தாள். அப்போதுதான் ஆட்டோ பிடித்தார். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்து, ஸ்கேன் எடுத்து, அவரை வெளியே கூப்பிட்டார்.

"குடல்வால் அடைச்சு வீங்கியிருக்கு. நேத்து வலி நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அப்பதான் அது வெடிச்சிருக்கணும். சீழ் வயிறு முழுக்கப் பரவிடுச்சு. உடனே ஆபரேஷன் பண்றோம், ஆனா நான் உறுதி சொல்ல முடியாது." அவருடைய சீருடையைப் பார்த்துவிட்டு, "நீங்க இங்கதானே வேலை செய்யறீங்க?" என்றார்.

அவர் ஒப்புதல் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வயிற்றைத் திறந்து கழுவினார்கள். மருந்து ஏற்றினார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. ஐந்தாம் நாள் காலை அவள் போய்விட்டாள். அவளுடைய துணிகள் கீழே வந்தபோது, மடிக்கும் அக்கா யாரிடமும் சொல்லாமல் தானே துவைத்து முடித்தாள்.

பதினாறு நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். தியேட்டர் ஆயா மூட்டையை இறக்கினாள். மேலாக இருந்த பச்சைத் துணியில் குண்டூசித் தலை அளவுக்கு மூன்று புள்ளிகள்.

பழக்கதோஷத்தில், "தொடாத துணியை ஏம்மா அனுப்புறீங்க?" என்றார்.

"தொடாத துணியா? காலையில பண்ண குடல்வால் ஆபரேஷன் துணிண்ணே அது. முக்கால் மணி நேர வேலை. அந்தப் பொண்ணு நாளைக்கு வீட்டுக்குப் போகுது."

அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "எப்பவும் இப்படித்தான் வருமா?"

"நேரத்தோட வந்துட்டா பெரும்பாலும் இப்படித்தாண்ணே."

ஆயா போன பிறகும் அவர் நகரவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்றாவது இப்படி வரும். பத்தொன்பது வருடமாக ஒவ்வொன்றையும் திட்டித் திட்டியே துவைத்திருந்தார்.