இரண்டு தலைவர்களின் கடிதம்

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல் செய்கிறேன். ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம் அடுப்படியில் பழகியது. மெதுவாகப் பேசினால் விளங்கும்.

போன வருஷம் ஓர் அமெரிக்கர் வந்து இரண்டு மாதம் தங்கினார். அங்கே பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பத்திரிகைக்கு எழுதுவார். காலையில் அப்பமும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும். கண்ணில் தண்ணீர் வரும். இன்னும் கொஞ்சம் கேட்பார்.

மூன்றாம் நாள் கேட்டேன். "சேர் எந்தக் கட்சி?"

எங்களிடம் அதுதான் முதல் கேள்வி. தோட்டத்தில் புது ஆளைப் பார்த்தால் எந்தத் தொழிற்சங்கம் என்று கேட்போம். சங்கம் இல்லாதவனுக்காக மேனேஜர் துரையிடம் போய்ப் பேச ஆள் இல்லை.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். "ரெண்டும் இல்ல. நடுவுல."

"அப்ப உங்களுக்கு ஒரு பிரச்சினைன்னா யாரு பேசுவாங்க?"

அப்பத்தைத் தட்டில் வைத்தார். "யாருமே இல்ல. இதை யாராச்சும் எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம்," என்று சிரித்தார்.

படித்த மனிதர், ஒரு பக்கமும் சேராமல் எப்படி இருக்கிறார்? அது என் தலையை விட்டுப் போகவில்லை. தேத்தண்ணீர் கொண்டுபோகும்போதெல்லாம் ஒன்று கேட்பேன்.

என் மனைவிக்கு கார்மென்டில் வேலை. தைப்பதெல்லாம் அமெரிக்காவுக்கு. அந்த நேரம் அங்கே இறக்குமதி வரியைக் கூட்டுவதாகச் செய்தி வந்தது. ஓவர்டைம் நின்றது. அதைக் கேட்டேன்.

"எங்க ஊர்லயும் தையல் பேக்டரி இருந்திச்சு. மூடிட்டாங்க. அந்தச் சனத்தை யாரும் திரும்பிப் பார்க்கல. அவங்க கோபம் நியாயம்," என்றார். "ஆனா இந்த வரியால அது மறுபடி திறக்காது. அங்க சட்டை விலை கூடும். இங்க உங்க மனைவிக்கு வேலை குறையும்."

"அப்ப யாரு சரி?"

"ரெண்டு பேரும் பாதி."

எனக்குத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடம் ஞாபகம் வந்தது. ஈரத்துக்கு என்று கணக்கப்பிள்ளை மூன்று கிலோ கழிப்பார். கழிக்கவே கூடாது என்று சங்கம் சண்டை போடும். இலையில் ஈரம் இருந்தது உண்மை. மூன்று கிலோ இல்லை. இதைச் சொன்னதும் அவர் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

"இதைப் பத்திரிகையில போட்டா ரெண்டு பக்கமும் ஏசும்," என்றார். கட்டுரை வந்ததும் ஏசினார்கள். ஒருவர் கோழை என்று எழுதியிருந்தார், இன்னொருவர் துரோகி என்று. வாசித்துக் காட்டிக்கொண்டே இன்னோர் அப்பம் கேட்டார்.

என் மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கெம்பஸ் போன முதல் பிள்ளை. அமெரிக்காவில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. செலவை அவர்களே பார்ப்பார்கள். விசா மட்டும் வேண்டும். குறித்த தேதிக்குள் வராவிட்டால் இடம் போய்விடும்.

"அங்க கெம்பஸ்லயும் பிரச்சினையாமே, சேர்?"

"ஒரு கூட்டம், கெம்பஸே கெட்டுப்போச்சு, காசை நிறுத்துன்னு சொல்லுது. மத்தது, ஒரு குறையும் இல்லைன்னு சொல்லுது. நான் உள்ள இருந்தவன். குறை இருக்கு. வேற மாதிரி நினைக்கிற பிள்ளை வாயைத் திறக்கப் பயப்படும். நானே பார்த்திருக்கேன். கட்டணம் ஏழைக்கு எட்டாது. திருத்தணும். அதுக்காக ஆய்வுகூடத்தைப் பூட்டினா யாருக்கு லாபம்?"

"மகளுக்கு விசா கிடைக்குமா?"

"தெரியாது."

அவருக்கே தெரியாது என்றதும் எனக்குப் பயம் வந்தது. அப்படி நேரத்தில் நாங்கள் செய்வது ஒன்றுதான். தலைவரிடம் கடிதம் வாங்குவோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, கரண்ட் எடுக்க, லயத்துக் கூரைக்குத் தகரம் கேட்க, எல்லாவற்றுக்கும் கடிதம். லீவு நாளில் பஸ் ஏறி ஹேவாஹெட்ட போனேன். எங்கள் பழைய சங்கத் தலைவர் ஆங்கிலத்தில் அடித்து, முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சேரை நினைத்தேன். படித்த அமெரிக்கர் நடுவில் நிற்கிறார். அப்படியானால் அங்கே அதுதான் மரியாதை. ஒரு பக்கத்துக் கடிதம் மட்டும் போனால் தப்பாக நினைப்பார்கள். எதிர்ச் சங்கத் தலைவரிடமும் போய் ஒன்று வாங்கினேன். இரண்டையும் மகளின் பைலில் வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுத்துவிடுவாள்.

கொழும்பில் விசா நேர்முகம். நான் ரோட்டில் நின்றேன். வெளியே வந்தவள் இரண்டு கடிதத்தையும் என் முன் நீட்டினாள்.

"இது என்னாப்பா?"

"தலைவர் கடிதம்."

"என்னா எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"இங்கிலீசுல இருக்கு."

வாசித்தாள். இந்தக் குடும்பம் பரம்பரையாக எமது சங்கத்துக்கு விசுவாசமானது. மற்றதிலும் அதே.

"எந்த அமைப்புலயும் இல்லைன்னு நான் போர்ம்ல எழுதியிருக்கேன். அட்மிஷன் தாளை இழுத்தப்ப இதுவும் சேர்ந்து வந்திருச்சு. விசா பார்க்கிற அம்மா ரெண்டையும் வாசிச்சிட்டு, இதுல எது உண்மைன்னு கேக்குறாங்க."

"நீ என்னா சொன்ன?"

"எங்கப்பா வேலைன்னேன்."

மேலும் பார்க்க வேண்டும், பிறகு அறிவிப்போம் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். கண்டி பஸ்ஸில் அவள் பைலை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள்.

மறுநாள் சேரிடம் சொன்னேன். "சேருக்குத் தெரிஞ்ச பெரிய ஆள் யாராச்சும்..."

"இருந்தாங்க. ரெண்டு பக்கமும். இப்ப என் போனை எடுக்க மாட்டாங்க." தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நடந்ததைத் தூதரகத்துக்கு நீங்களே எழுதுங்க. என் பேரைச் சேர்க்காதீங்க."

எழுதினேன். அரைப் பக்கம். கடிதங்களை வாங்கியது நான். மகளுக்குத் தெரியாது. என் அப்பா ஒரு சங்கத்தில் இருந்தார், நான் கொஞ்சக் காலம் மற்றதில். இப்போது ஒன்றிலும் இல்லை. கடிதம் இல்லாமல் எங்களுக்கு எதுவும் நடந்ததில்லை, அதனால் வைத்தேன்.

மகள் அதை ஆங்கிலத்தில் மாற்றினாள். கடைசி வரியில் நிறுத்தினாள். "இதை எடுத்துறவா?"

"வேணாம். இருக்கட்டும்."

மின்னஞ்சலில் அனுப்பினாள். அதற்குப் பிறகு சேர் ஊருக்குப் போனார். மனைவி வேலைக்குப் போய் வந்தாள். தேதி முடிய ஒரு கிழமை இருக்கும்போது பதில் வந்தது. விசா ஒட்ட பாஸ்போர்ட்டை அனுப்பவும்.

நான் எழுதியதால் தந்தார்களா, எப்படியும் தந்திருப்பார்களா? இன்றைக்கும் தெரியவில்லை.

மகள் பாஸ்போர்ட்டைக் கவருக்குள் வைத்தாள். ஒட்டப் போனவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கவரைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். பாஸ்போர்ட் மட்டும் மேசையில் விழுந்தது.

"சரி," என்று திரும்ப வைத்து ஒட்டினாள்.