பூபதியின் வெள்ளைத் துணி

என்ஜினை அணைக்க விடமாட்டார் பூபதி. "ஓடட்டுங்க, சூட்டோட பாக்கோணும்" என்பார். பானெட்டுக்குள் குனிந்து கியர் ஆயில் குச்சியை உருவி, வெள்ளைத் துணியில் ஒரு கோடு இழுப்பார். பிறகு துணியை மூக்கில் வைத்து, மிளகு விலை இறங்கிய சேதி கேட்டவர் போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

காரவள்ளியில் மலைச்சாலை தொடங்கும் இடத்தில் அவர் பட்டறை. எதிரே நான் அன்னாசிப்பழம் வெட்டி விற்கிறேன். பள்ளிக்கூடமும் நானும் பத்தாம் வகுப்பில் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் கூடி, நகராமல் முக்குகிற ஆட்டோமேட்டிக் கார்கள் அவரிடம்தான் வரும்.

"கோடு செவப்பா, வாடை நல்லபடியா இருந்தா ஆயில் கொறைச்சல், அவ்வளவுதானுங்க. ஊத்திட்டுப் போலாம். தீஞ்ச வாடை அடிச்சா உள்ள பிளேட்டு கருகிப்போச்சுங்க. ஏத்தாதீங்க, பாதி வளைவுல பின்னால உருளும்" என்பார்.

அந்த மூக்கை நம்பித்தான் பிள்ளைகுட்டிகளோடு எழுபது வளைவும் ஏறுவார்கள்.

போன மாதம் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஆணியில் தொங்கிய துணியில் கருவாட்டுத் தண்ணீரைத் தெளித்து வைத்தேன். முகர்ந்ததும் துள்ளுவார், சிரிக்கலாம் என்று.

நாமக்கல் கார் ஒன்று வந்தது. துடைத்தார், முகர்ந்தார், நிதானமாகக் கண்ணைத் திறந்தார். "தீஞ்ச வாடையே இல்லீங்க. தாராளமா ஏறுங்க."

காரிலிருந்த அம்மா மூக்கைப் பொத்தினார். "ஏனுங்க, கருவாட்டு நாத்தம் கொடலப் புடுங்குது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

பூபதி மறுபடி முகர்ந்தார். இன்னொரு முறையும்.

"இல்லீங்க" என்றார். "ரெண்டு வருசமாவே தெரியல. காய்ச்சல்ல போனது திரும்பல. கலரப் பாத்துத்தான் சொல்லிட்டிருக்கேன். கலரு பாதிதானுங்க சொல்லும். வேற பக்கம் காட்டிட்டு ஏறுங்க."

பின்சீட்டில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கார் திரும்பிப் போனது. வாயில் தயாராக வைத்திருந்த சிரிப்பை எங்கே துப்புவதென்று எனக்குத் தெரியவில்லை.

சேதி பரவி, நான்கு நாள் பட்டறையில் ஒரு வண்டியும் நிற்கவில்லை. பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விடலாமா என்றிருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு கார் முக்கிக்கொண்டு வந்தது. குச்சியை உருவினார், துணியில் கோடு இழுத்தார். மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். நான் குனிந்து, வெட்டிய துண்டையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு தடவ சோப்புப் போட்டுத் தொவச்சுட்டேன் கண்ணு, பயப்படாத" என்றபடி, துணியை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.