பன்னெண்டு மணி ஷட்டரும் ஐம்பது மீட்டர் நாடாவும்

மத்த தொழில்ல சரக்கு தீந்து போனாத்தான் "இல்லை"ன்னு சொல்வாங்க. எங்க தொழில்ல சரக்கை முதுகுக்குப் பின்னால கூரை வரைக்கும் அடுக்கி வெச்சுக்கிட்டு "இல்லை"ன்னு சொல்லணும்.

நான் அரசு மதுக்கடையில விற்பனையாளர். படிச்சது பி.காம்., கிடைச்சது இது. திருவொற்றியூர்ல ஒரு சந்துக்குள்ள எங்க கடை. எப்ப விக்கலாம், எங்க விக்கலாம், எந்த நாள்ல விக்கக்கூடாதுன்னு சட்டம் போடறவங்க யாரும் கவுன்டர் கம்பிக்குப் பின்னால நின்னு ஒரு நாள் திட்டு வாங்கினதில்ல. அந்தப் பாக்கியம் எனக்கு. நீங்க குடிக்காதவங்களா இருக்கலாம், ரொம்ப சந்தோஷம். ஆனா ஏதோ ஒரு கவர்மெண்ட் ஜன்னல் முன்னால வரிசையில நின்னு, உங்க முறை வர்றப்ப "இன்னிக்கு இல்ல"ன்னு கேட்டிருப்பீங்க இல்ல? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான்.

பகல் பன்னெண்டு

கடையைப் பகல் பன்னெண்டுக்குத்தான் தொறக்கணும், அது சட்டம். பதினொண்ணுக்கே ஷட்டருக்கு வெளிய ஒருத்தர் குத்தவெச்சு உக்காந்திருப்பாரு. பேரு டில்லி, எதிர் வீடு. ஹார்பர்ல கப்பல் மேல கன்டெய்னரை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுற கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்டு வாரம் வந்தா காலையில வீடு திரும்புவாரு. குளிச்சு, சாப்பிட்டு, படுத்துப் பாத்து, தூக்கம் வராம எழுந்து இங்க வந்துடுவாரு. சண்டை சச்சரவு கிடையாது. பொண்டாட்டிய கை நீட்டினதாவும் கேள்விப்பட்டதில்ல. குடிச்சிட்டுப் பேசாம போய்ப் படுத்துடுவாரு. தங்கமான மனுஷன்தான், என்ன, தினமும் குடிப்பாரு.

ஒருநாள் அவரு கெஞ்சுற கெஞ்சலைத் தாங்க முடியாம, "என் கையில என்ன இருக்கு டில்லி, ஊரு முழுக்க இதே டைம்தான்"னேன். அண்ணாந்து பாத்துச் சொன்னாரு:

"ஹார்பருக்கு மூணு ஷிப்டு வெச்சிகீறான், கடைக்கு மட்டும் இன்னாத்துக்கு மாமு ஒரே ஷிப்டு?"

எதிர் வீட்டு மனு

டில்லியோட சம்சாரம் கலைவாணி. பக்கத்துல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில தையல் வேலை. வீட்டு வாசக்கதவைத் தொறந்தா அவங்களுக்கு முதல்ல தெரியறது எங்க போர்டுதான். அவங்க வாதம் ரொம்ப சிம்பிள்: கடை கண்ணுல படாம இருந்தா அந்த ஆளு பாதிக் குடியை விட்டுடுவாரு, பாதியை விட்டா மீதியை நான் பாத்துக்கறேன். தெருப் பொம்பளைங்களைச் சேத்து, கடையைத் தூக்கணும்னு கலெக்டருக்கு மனு எழுதினாங்க. என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. நியாயம்தான். நான் அவங்க இடத்துல இருந்தா கல்லே விட்டிருப்பேன்.

மனுவுல வீட்டு ஆம்பளைங்க கையெழுத்தும் வேணும்னு யாரோ சொல்ல, டில்லியையும் உக்கார வெச்சு வாங்கிட்டாங்க. போட்ட கையோட மனுஷன் சந்தைத் தாண்டி நேரா கவுன்டருக்கு வந்தாரு.

"கலைவாணி சொல்றது கரெக்டு மாமு, கையெழுத்து போட்டுட்டேன். கடைய எட்ட கொண்டு பூடுங்கோ. அதுக்கு மின்னாடி ஒரு குவாட்டர் குடு."

நாடா பிடிச்ச நாள்

பள்ளிக்கூடம், கோயில் இதுலேருந்து ஐம்பது மீட்டருக்குள்ள கடை இருக்கக்கூடாதுங்கறது எங்க ஊருக்குச் சட்டம். கார்ப்பரேஷனுக்கு வெளிய போனா அதுவே நூறு. நகரத்துப் பிள்ளைங்களுக்கு ஐம்பது போதும்னு முடிவு பண்ணினது யாருன்னு எனக்குத் தெரியாது. சந்து முனையில ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கு. இந்தத் தூரத்தைக் காக்கா பறக்கற கணக்குல அளக்க மாட்டாங்க, மனுஷன் நடக்கற கணக்கு. கடை வாசலோட நடுவுலேருந்து பள்ளி கேட்டோட நடுவுக்கு, ஜனங்க வழக்கமா நடந்து போற வழியில நாடா பிடிக்கணும். பள்ளிக்கூடத்துப் பின் கேட்டு எங்க சந்துலதான் இருக்கு, ஆனா துருப்பிடிச்சு மூடியே கிடந்துச்சு. அதனால மெயின் ரோட்டுல இருக்கற முன் கேட்டுக்கு அளந்தாங்க. கடை தப்பிச்சுது.

கலைவாணி விடுவாங்களா? ஹெட்மிஸ்ட்ரஸைப் போய்ப் பாத்து, பின் கேட்டைத் தொறக்க வெச்சாங்க. பிள்ளைங்க அந்த வழியா வர ஆரம்பிச்சுதுங்க. மறுபடியும் நாடா வந்துச்சு, கடை மாட்டிக்கிச்சு. அந்த வாரமே பில்டிங் ஓனர் முன் வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டு, பின் சுவரை உடைச்சு அந்தப் பக்கச் சந்துல புது வாசல் வெச்சாரு. இப்ப கடைக்கு வரணும்னா வளைச்சுச் சுத்திக்கிட்டு வரணும். மூணாவது தடவை நாடா பிடிச்சாங்க, கடை மறுபடியும் தப்பிச்சுது. நடக்கற தூரம் கூடிப்போச்சேன்னு ஒரு குடிகாரன்கூட வீட்டுல உக்காந்துடல.

அளக்க வந்த ஆபீசர் நாடாவைச் சுருட்டறப்ப கலைவாணி இடுப்புல கை வெச்சுக்கிட்டு நின்னாங்க.

"பள்ளிக்கூடம் நவுரல, கடை நவுரல, தூரம் மட்டும் எப்டி சார் வளந்துகினே போவுது?"

யாருக்கோ பொறந்தநாள்

வருஷத்துல சில நாள் கடை கிடையாது. காந்தி ஜெயந்தி எல்லாருக்கும் தெரியும். மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் இதெல்லாம் ஷட்டரைப் பாத்துத்தான் ஜனங்க தெரிஞ்சுக்குவாங்க. மகான்களைப் பத்தி எங்க ஏரியாவுக்கு இருக்கற அறிவு முழுக்க எங்க கடை பூட்டு சொல்லிக் குடுத்ததுதான். விவரம் தெரிஞ்சவங்க முந்தின நாளே ரெண்டு நாளைக்குச் சேத்து வாங்கிடுவாங்க. அந்த ஒரு சாயங்காலம் நடக்கற வியாபாரத்தைப் பாத்தா மகான்கள் கண்ணீர் விட்டுடுவாங்க.

இந்த மாதிரி ஒரு நாள்ல கணக்குப் பாக்கறதுக்காகக் கடைக்குப் போயிருந்தேன். வெளிய ஒரு கும்பல் என்னைச் சூழ்ந்துக்கிட்டு, முன்ன பின்ன தெரியாத ஒரு மகானுக்காக என் குடும்பத்தையே இழுத்துப் பேசிக்கிட்டிருந்துச்சு. ஓரமா ஒரு பீகார்காரப் பையன் நின்னான், எண்ணூர்ல கட்டட வேலை. அவனுக்கு மட்டும் கோவமே வரல. அவங்க மாநிலத்துல மதுவிலக்கு, எந்த நாளும் கடை கிடையாது. எல்லாரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டே சொன்னான்:

"அண்ணா, நம்ம ஊர்ல டெய்லி காந்தி பொறந்தநாள்."

பக்கத்துத் தொகுதி

பக்கத்துத் தொகுதியில இடைத்தேர்தல் வந்துச்சு. ஓட்டுப் போடறது அந்தத் தொகுதிக்காரங்கதான், ஆனா தொகுதியைச் சுத்திக் கொஞ்ச தூரத்துக்கும் கடையை மூடணும்னு உத்தரவு. அந்தச் சுத்துக்குள்ள எங்க சந்தும் வந்துடுச்சு. கணக்குப் பாக்க வர்ற வழியில பாத்தா, கலைவாணி வாசல்லயே உக்காந்து மீன் கழுவுறாங்க, முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். உள்ள பாட்டு வேற ஓடுது. டில்லி பனியனோட என் பின்னாலயே வந்து கடைப் பூட்டை ஆட்டிப் பாத்தாரு. தொகுதிக் கணக்கை நான் பொறுமையா விளக்கினேன். மனுஷனுக்கு அழுகையே வந்துடுச்சு.

"எங்களுக்குத் துட்டும் வரல, பிரியாணியும் வரல, கடைய மட்டும் மூடிகினாங்களே மாமு!"

மோர்

கடைசியில கலைவாணிதான் ஜெயிச்சாங்க. நாடாவால இல்ல. சில கடைகளை இடம் மாத்தணும்னு மேலேருந்து உத்தரவு வந்தப்ப, மனுவுக்கு மேல மனுவா இருந்த எங்க கடை பட்டியல்ல முதல்ல நின்னுச்சு. புது இடம் ஹார்பர் லாரிங்க ஓடற எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம், கன்டெய்னர் யார்டு சுவரை ஒட்டி. பக்கத்துல பள்ளிக்கூடம் இல்ல, கோயில் இல்ல, வீடுகூட இல்ல. சட்டம் படிச்ச மனுஷன் யாரு வந்து பாத்தாலும் கட்டிப் பிடிச்சுக்குவான், அப்படி ஒரு இடம்.

பெட்டிகளை வண்டியில ஏத்துற அன்னிக்கு நல்ல வெயில். எதிர் வீட்டுலேருந்து சுத்திக்கிட்டு ஒரு ஆளு வர்றது தெரிஞ்சுது. கலைவாணி ஒரு சொம்பு மோர் கொண்டாந்து எங்களுக்கும் லோடு மேனுங்களுக்கும் ஊத்தினாங்க. இத்தனை நாளா மூஞ்சி குடுக்காதவங்க. உண்மையைச் சொல்றேன், ஷிப்டிங் வேலை இடுப்பை ஒடிச்சாலும் அந்த அம்மாவுக்காக எனக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு.

"உங்க மேல எனக்கு இன்னா கோவம்? எங்கியாவது எட்ட போயி நல்லா இருங்கோ சார்."

ஒரே ரோடு

புது இடத்துக்கு வந்தப்புறம் இன்னொரு சட்டம் கத்துக்கிட்டேன். நெடுஞ்சாலை ஓரத்துல கடை வெக்கக்கூடாது, குடிச்சவன் வண்டியில அடிபட்டுச் சாவான்னு. ஆனா கார்ப்பரேஷன் எல்லைக்குள்ள அந்தச் சட்டம் செல்லாது. எண்ணூர் தாண்டி எல்லை முடிஞ்சதும் கடையை உள்ள தள்ளி வெக்கணும். எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்க ரோட்டு மேலயே ஜம்முன்னு நிக்கலாம். மீஞ்சூர் பக்கத்துலேருந்து பைக்ல வர்ற ஒருத்தருக்கு இதை விளக்கினேன். எங்க வாசல்ல நின்னு, வரிசையா ஊந்துக்கிட்டிருந்த கன்டெய்னர் லாரிகளைக் கொஞ்ச நேரம் பாத்தாரு.

"அப்ப கார்ப்பரேஷனுக்குள்ள லாரி ஏறினா ஆளு சாவ மாட்டானா சார்?"

டிபன் டப்பா

கண்ணுல படாம போனா பாதியை விட்டுடுவாருன்னு கலைவாணி கணக்குப் போட்டாங்களே, அது பொய்த்துப் போச்சு. புதுக் கடை தொறந்த அன்னிக்கே டில்லி வந்து நின்னாரு. முன்ன ஒரு சந்து சுத்துனா கடை, சுத்துனா வீடு. இப்ப போகவர எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டணும். ஹார்பருக்குப் போற லாரிங்க ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல ஜனங்க பூந்து வருவாங்க. கன்டெய்னர் லாரி டிரைவர் மாடியில உக்காந்திருக்கறவன் மாதிரி. லாரி மூக்குக்குக் கீழ நிக்கற ஆளு அவனுக்குத் தெரிய மாட்டான். இது டில்லிக்கு என்னைவிட நல்லாத் தெரியும், பொழப்பே அதுதானே. ஆனா குடிச்சவனுக்குத் தெரிஞ்சு என்ன, தெரியாம என்ன?

ஒரு நாள் மத்தியானம் வெளிய "ஏய் ஏய்"ன்னு ஒரே கூச்சல். ஓடிப் போய்ப் பாத்தா டில்லி நடுத்திட்டு மேல மல்லாந்து கிடக்காரு, வேலை முடிஞ்சு கையில கொண்டாந்த சாப்பாட்டுப் பை லாரிச் சக்கரத்துக்கு அடியில. கையைப் பிடிச்சுத் தூக்கி உக்கார வெச்சேன். "அறிவு இருக்காய்யா உனக்கு, வீட்டுல ஒருத்தி இருக்கா"ன்னு கத்தினேன். நான் வாடிக்கையாளரைத் திட்டினது அதுதான் முதல் தடவை. அவரு நசுங்கின டிபன் டப்பாவைப் பொறுக்கி எடுத்துத் தூசியைத் தட்டினாரு.

"டப்பா தானே மாமு பூட்ச்சி. உள்ள சோறுகூட இல்ல."

வரிசை

மறுநாள் பன்னெண்டு அடிச்சு ஷட்டரைத் தூக்கினேன். வழக்கமான தள்ளுமுள்ளு இல்ல. ஆம்பளைங்க எல்லாம் ரெண்டு பக்கமும் ஒதுங்கி நிக்கறாங்க, நடுவுல கலைவாணி. கம்பெனியில சாப்பாட்டு நேரத்துல எழுந்து நேரா வந்திருக்காங்க, கழுத்துல தையல் நாடா அப்படியே தொங்குது. சண்டைக்குத்தான் வந்திருக்காங்கன்னு நெனச்சு, நான் கும்பிடாத குறையா நின்னேன். மறுபடியும் மனுவா, இந்த இடத்துலேருந்தும் தூக்கணுமான்னு கேக்க வாயெடுத்தேன்.

கம்பிக்குள்ள கையை விட்டு, டில்லி வழக்கமா வாங்கற பிராண்டு பேரைச் சொன்னாங்க. ஒண்ணுன்னாங்க. மறுக்க ஒரு காரணம் தேடினேன். பொம்பளைக்கு விக்கக்கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்ல, வயசு இருந்தா போதும். எத்தனையோ சட்டம் இருக்கு, அன்னிக்கு எனக்குத் தேவைப்பட்ட சட்டம் மட்டும் இல்ல. பின்னால யாரோ ஒருத்தன் சிரிச்சான். அந்த அம்மா திரும்பிக்கூடப் பாக்கல. மோர் ஊத்தினப்ப சார்னு கூப்பிட்டவங்க, அன்னிக்கு அண்ணான்னாங்க.

"கடைய எட்ட தள்ளச் சொன்னவ நான்தாண்ணா. இனிமே நானே ரோடு தாண்டி வரேன், அவனோடத என் கையில குடு, அவன் வூட்லயே கெடக்கட்டும்."

பள்ளிக்கூடத்துக்கும் எங்க கடைக்கும் இப்ப சட்டப்படி நல்ல தூரம் இருக்கு. கலைவாணி வீட்டுக்கும் கடைக்கும் எவ்வளவு தூரம்னு அளக்கத்தான் எந்த ஆபீசர்கிட்டயும் நாடா இல்ல.