கால்வாய்க் கரையில் முப்பத்தொரு பேர்

நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்த அமிர்தசாமி, அதற்கு முன் பட்டாளத்தில் சிக்னல்காரராக இருந்தவர். எழுபத்தொன்று டிசம்பர் சண்டையில், மேற்கு எல்லையில் ஒரு கால்வாய்க் கரைமேல், முதுகில் வயர்லெஸ் பெட்டியோடு பிளட்டூன் என்ற சிறு படைப்பிரிவோடு கிடந்தார். கரையில் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஐந்து பேர் திரும்பவில்லை. அமிர்தசாமியின் இடது முழங்காலில் குண்டுச் சில்லு ஏறியது.

வடக்கே இராணுவ மருத்துவமனையில் அடுத்த கட்டிலில் ஒரு மேஜர் படுத்திருந்தார். ஈயத்தில் வார்த்த விரலளவு சிப்பாய்களைத் தட்டில் நிறுத்திச் சண்டை நடத்துவது அவர் வழக்கம். அளவுகோல் வைத்து இத்தனை அங்குலம் நகரலாம், பகடையில் இத்தனை விழுந்தால் குண்டு பட்டது என்று ஒழுங்கான விதிகள் உண்டு. அமிர்தசாமி அதை அவரிடமே ஆடிக் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பி ஐந்து வருடம் கழித்து, சேலம் பஸ் நிலையக் கடையொன்றில் பிளாஸ்டிக் சிப்பாய்கள் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குவதைப் பார்த்தார். இருந்த அத்தனையையும் வாங்கிவந்தார். தங்கை பிள்ளைகளுக்கு என்றுதான் அவர் மனைவி இசபெல்லா நினைத்தாள். ஆனால் அன்றே ஒரு நோட்டை எடுத்து, கால்வாய்க் கரையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதத் தொடங்கிவிட்டார். உயரம் என்ன, துப்பாக்கியை எந்தத் தோளில் வைப்பான், அந்த விடியற்காலையில் கரையில் எந்த இடத்தில் எப்படிப் படுத்திருந்தான்.

பாக்கெட்டில் இருந்ததெல்லாம் நான்கே அச்சு. நின்று சுடுகிறவன், படுத்துச் சுடுகிறவன், ஓடுகிறவன், குண்டு எறிகிறவன். எல்லார் தலையிலும் வெளிநாட்டு ஹெல்மெட். அவருக்கு வேண்டியது தன் ஆட்கள். பிளேடைச் சூடுபண்ணி இடுப்போடு அறுத்து, ஒருவன் காலோடு இன்னொருவன் உடம்பைச் சேர்த்தார். உள்ளே முளையாக ஒயரிங் செப்புக் கம்பி. மேலே லாரி பாடிக்குப் பூசும் பட்டியை வைத்துக் குளிர்கால ஸ்வெட்டரும் கம்பளிக் குல்லாயும் செதுக்கினார். இடதுகைக்காரன் ஒருவனுக்கு இரண்டு கையையும் வெட்டி மாற்றவேண்டியிருந்தது; ஆறு பொம்மை வீணான பிறகே அது அமைந்தது. நம்பர் பிளேட் எழுதுகிறவரின் மெல்லிய பிரஷ்ஷால் வண்ணம் பூசினார்.

எதிர்ப்படைக்குச் சென்னிமலை பொறுப்பு. அதே பிளட்டூனில் இருந்தவர், வெண்ணந்தூர் பக்கம் கடலை போடுகிறவர். ஞாயிறு மதியம் பஸ் ஏறி வந்து ஆடிவிட்டுப் போவார். அவருக்கு அது பொழுதுபோக்கு. அமிர்தசாமி எதற்காக அந்தக் கால்வாய்ச் சண்டையையே திரும்பத் திரும்ப ஆடுகிறார் என்று அவர் கேட்டதில்லை.

எண்பதில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சென்னிமலை ஜலகண்டாபுரம் போனார். கரையில் இறந்த சுப்பையனின் ஊர் அது. தறி நெய்துகொண்டிருந்த அவன் மனைவி கமலவேணியிடம், உங்க ஊட்டுக்காரரை அச்சு அசலா ஒருத்தர் செஞ்சு வெச்சிருக்காருங்க என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு அவள் அவரோடு வந்து நின்றாள்.

லாரிப் பலகைகளைச் சேர்த்துப் போட்ட மேசையில் களிமண் கரையும் நீலம் பூசிய கால்வாயும் இருந்தன. கமலவேணி குனிந்து ஒவ்வொருவராகப் பார்த்து வந்து ஒரு பொம்மையிடம் நின்றாள்.

"வலது தோளு எறங்கியிருக்குதுங்க. அவருக்கு அப்படித்தான்."

"பக்கத்துலயே படுத்திருந்தேம்மா" என்றார் அமிர்தசாமி.

"இதுல நீங்க எங்கீங்க?"

தன்னை மட்டும் அவர் செய்திருக்கவில்லை. நோட்டிலும் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. சென்னிமலை சிரித்தபடி, நானும் கேக்கோணும்னு இருந்தேன் என்றார். அமிர்தசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது வருடம் யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

அன்று விடிகிற நேரம் வயர்லெஸ்ஸில் இந்தியில் ஓர் உத்தரவு வந்தது. 'பீச்சே ஹட்டோ' என்றால் பின்வாங்கு. நடுவில் 'மத்' என்று ஒரு சொல் சேர்ந்தால் பின்வாங்காதே. கரகரப்புக்குள் அந்த 'மத்' கேட்டது போலிருந்தது. திரும்பக் கேட்பதற்குள் பெட்டி செத்துப்போனது. பிளட்டூனை நடத்திய சுபேதார் என்ன உத்தரவு என்று கேட்டார். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அமிர்தசாமி சொல்லவில்லை. பின்வாங்கக் கூடாதாம் என்று உறுதியாகச் சொன்னார். அடுத்த அரைமணியில் ஐந்து பேர் விழுந்தார்கள்.

சென்னிமலையின் முகம் மாறிப்போயிருந்தது. "எங்கிட்டக்கூடச் சொல்லலியே, அமிர்தம்" என்று சொல்லி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

கமலவேணி அழவில்லை. "வீரமாச் செத்தாருன்னு எல்லாரும் சொன்னாங்க. எப்படீன்னு ஒருத்தரும் சொல்லலீங்க" என்றாள். பிறகு, "பின்னால போயிருந்தா என்னாயிருக்கும்? அதை ஆடிக் காட்டுங்க" என்றாள்.

இசபெல்லா போய்ச் சென்னிமலையைக் கூப்பிட்டு வந்தாள். அவர் அமிர்தசாமியின் முகத்தைப் பார்க்காமலே எதிர்ப்படையை நகர்த்தினார். கரைக்குப் பின்னால் வெட்டவெளி. முதல் ஆட்டத்தில் ஒன்பது பேர் விழுந்தார்கள், சுப்பையனும் அதில் ஒருவன். அமிர்தசாமிக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. இன்னொரு தடவை என்றாள் கமலவேணி. இந்த முறை ஏழு பேர். வலது தோள் இறங்கிய பொம்மை வெட்டவெளியைத் தாண்டி மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது.

"அப்ப வர்றதுக்கு வழி இருந்திருக்குதுங்க" என்றாள் அவள்.

வெறும் பகடைதானே என்று அவரால் சொல்ல முடியவில்லை. இந்தப் படையைக் கட்டியதே, பின்வாங்கியிருந்தாலும் இவர்கள் செத்திருப்பார்கள் என்று காட்டிப் பகடை தன்னை விடுவிக்கும் என்று நம்பித்தான். இசபெல்லா அந்தப் பொம்மையைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். ஊட்டுல படம் இருக்குதுங்க, இவரு இங்கயே மத்தவங்களோட இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கமலவேணி பஸ்ஸுக்குப் போனாள்.

அமிர்தசாமி பட்டாளத்து ஆவண அலுவலகத்துக்கு நடந்ததை எழுதினார். மழைக்காலம் முடிந்து மூன்று வரியில் பதில் வந்தது. அன்றைய செய்திப் பதிவு கிடைக்கவில்லை, இந்த விஷயம் முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜலகண்டாபுரம் போய்த் தறிப்பக்கத்தில் நின்று படித்துக் காட்டினார். கமலவேணி தறியை நிறுத்தி, இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"மத்த நாலு ஊட்டுக்கும் போயிச் சொல்லுங்க" என்றாள். "அவங்களுக்கும் தெரியோணுமில்ல."

அந்த வருடமே போனார். ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டில் இறந்தவனின் அண்ணன் அவரைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினான். இளம்பிள்ளையில் ராமாயி என்ற தாய், மகன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று கேட்டு, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். மூன்றாவது வீட்டில் கேட்டு முடித்ததும் அவரவர் வேலைக்கு எழுந்து போய்விட்டார்கள்.

நான்காவது வீடு ஆத்தூரைத் தாண்டி இருந்தது. முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் இருந்ததால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். எண்பத்து மூன்று தை மாதத்தில், கமலவேணி வந்த அந்த ஞாயிறுக்குப் பிறகு வராமலே இருந்த சென்னிமலை ஒரு காலைநேரம் வந்து, கெளம்பு, நானும் வாரேன் என்றார். இறங்கவேண்டிய இடம் வந்ததும் சென்னிமலை முதலில் இறங்கி, அமிர்தசாமி இறங்குவதற்குக் கை கொடுத்தார்.