அடிமரம் யாருக்கு

மாசி மாதக் காலை, ஆறு பத்து. புதூர்நாட்டில் எங்கள் புளியமரத்தடியில் முதலில் கண்ணில் பட்டது ஒரு டிராக்டர்; அதன் முன்னால் நீண்டிருந்த இரும்புக் கை. அந்தக் கை பிடிக்க வேண்டிய இடத்தில், அடிமரத்தில் முதுகைச் சாய்த்து என் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

டிராக்டரைக் கொண்டுவந்தவர் ஆலங்காயத்து இயந்திர வியாபாரி. நான் விடுமுறைக்கு மலையேறிய ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். ஆஸ்திரேலியப் பழத்தோட்டத்தில் மரம் உலுக்கும் இயந்திரம் ஓட்டுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நான் கூப்பிட்டதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். இரும்புக் கை பிடித்தால் மரத்தின் பட்டை உரியாதா என்று கேட்டேன். டீ கிடைக்குமா என்று திருப்பிக் கேட்டார்.

ஆஸ்திரேலியாவில் பிளம் மரத்தை இந்த மாதிரிக் கை பிடித்ததும் சில நொடிகளில் பழமெல்லாம் விரிப்பில் கொட்டிவிடும். எல்லா மரமும் ஒரே முதலாளியுடையது. ஒரு மதிய இடைவேளையில் மேற்பார்வையாளரிடம், ஊரில் எனக்குப் பாதி மரம் இருக்கிறது என்றேன். பாதித் தோட்டம் என்று எடுத்துக்கொண்டு கைகொடுத்தார். அப்பா கிளை கிளையாகப் பிரித்ததை விளக்கினேன்: கிழக்குக் கிளைகள் அண்ணனுக்கு, மேற்குக் கிளைகள் எனக்கு. சற்று யோசித்துவிட்டு, அடிமரம் யாருக்கு என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணன் எழவில்லை. "உலுக்கணும்னா உன் கெளைய உலுக்கு. இது அடியப் புடிக்குதேடா."

"பழத்தப் பாதியாப் பிரிச்சுக்கலாம்ண்ணா."

"எது யார் கெளையில இருந்து வுழுந்துச்சுன்னு பழம் வாயத் தொறந்து சொல்லுமா? இன்னிக்கு அடியப் புடிப்ப. நாளைக்கு மரமே என்துன்னுவ."

"அஞ்சு நிமிசம் எந்திரிங்க. கொட்டறதப் பாத்தா நீங்களே கூப்புடுவீங்க" என்றார் வியாபாரி.

"கூப்ட்டது அவன். அவன் முதுவுல மாட்டு."

நான் கூப்பிட்டேனா என்று அண்ணன் முன்னாலேயே வியாபாரியிடம் கேட்டேன். வெளிநாட்டுக்காரர் பேச்சுவாக்கில் சொன்னாலும் கூப்பிட்ட மாதிரிதானே என்றார். அண்ணன் என்னைப் பார்த்தான். நாங்கள் பேசிவைத்துக்கொண்டு நடிக்கிறோம் என்ற முடிவுக்கு வந்திருந்தான். டிராக்டர் இறங்கிப் போனது.

நான் இல்லாத வருடங்களில் என் பங்கையும் அவனே உலுக்கி, கொட்டை நீக்கி, ஆஸ்திரேலியா வருகிறவர்களிடம் எனக்குக் கொடுத்தனுப்புவான். அன்று கிழக்குக் கிளைகளில் மட்டும் ஏறி, கால்களால் மிதித்து உலுக்கினான். அண்ணி கீழே பொறுக்கினார்.

"உன்து நீயே எறக்கிக்க. நான் தொட்டா அதுக்கும் எதுனா சொல்லுவ" என்றபடி இறங்கினான்.

நான் ஏறினேன். முதல் கவட்டைக்கு மேல் ஏற வரவில்லை, இறங்கிவிட்டேன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினேன். மேற்குக் கிளைகளில் பழம் இருந்தது.