வெட்டுப்புள்ளி தாண்டியவளுக்கு வந்தாறுமூலை

கெட்டிக்காரிக்கு வந்தாறுமூலை, பெயிலானவளுக்கு மெட்ராஸ். எங்கள் வீட்டில் நடந்த அநியாயத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

ஏ.எல். சோதனையை நானும் தங்கச்சியும் ஒரே தடவையில்தான் எழுதினோம். நான் முதல் தடவை காய்ச்சலில் படுத்துக் கோட்டை விட்டதால் ஒரு வயது இளையவளோடு சேர்ந்து எழுத வேண்டியதாயிற்று. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கும் வெட்டுப்புள்ளி தாண்டியது. அவளுக்குக் கிட்டவும் வரவில்லை. பெறுபேறு வந்த அன்று அவள் அறைக்குள் குப்புறக் கிடந்து அழுதாள், நான் குசினிக்குள் இருந்து பாயாசம் குடித்தேன். இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வந்தாறுமூலைக் கேம்பஸ் எங்கள் தன்னாமுனை வீட்டிலிருந்து தூரமில்லை. பஸ் ஏறி, ஏறாவூர் போய், செங்கலடிச் சந்தியைத் தாண்டினால் வந்துவிடும். படிப்புக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. விடுதி தேவையில்லை. அம்மா கட்டித்தரும் சோற்றைக் கொண்டுபோய்ச் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். "குடுத்து வச்சவள்" என்று ஊரே சொன்னது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் இருக்கும் வீடு மூத்தவளுக்கு. அவளைக் கட்டிக்கொடுத்ததும் தாயும் தகப்பனும் அதை விட்டு எழும்பி, அடுத்தவளுக்கென்று கட்டிய வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கணக்கில், நாங்கள் இருந்த வீடு எனக்கு. வளவின் பின்பக்கம், வாவியைப் பார்த்தபடி, தங்கச்சியின் வீட்டுக்கு அப்பா அத்திவாரம் போட்டிருந்தார். வாவிக்கு அக்கரையில் அம்மாவின் வயல் இரண்டு துண்டு இருந்தது, ஆளுக்கொன்று. தங்கச்சியின் துண்டை விற்றுத்தான் அத்திவாரத்துக்கு மேல் சுவர் எழும்ப வேண்டும். பெறுபேறு வந்தபோது காரியம் அந்த அளவில்தான் நின்றது. பிறகு சுனாமி வந்தது.

எங்களுக்கு வாவித் தண்ணீர் வேலிவரை ஏறி, பிறகு இறங்கியதோடு சரி. கடற்கரைப் பக்கம்தான் எல்லாம் போனது. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி அங்கே இருந்தா. வருசக்கணக்காக வெளிநாட்டில் வீட்டு வேலை பார்த்து, மகளுக்கென்று ஒரு வீடு கட்டி, தையில் பால் காய்ச்சக் காத்திருந்தவ. தாயும் மகளும் கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பிவிட்டார்கள். அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் வாசற்படியும் மட்டும் இருந்தன. பெரியம்மா அந்தப் படியில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கையை நீட்டி, "இதுதான் ஹோல். இது சாமியறை. இது மகள்ட அறை" என்று காட்டிக்கொண்டிருந்தா. அப்பா ஒவ்வொன்றுக்கும் "ஓம்" சொன்னார். 

தங்கச்சி விடுவாளா? இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்தாள். அன்றைக்குச் சாப்பிடும்போது, "அப்பா, எனக்கு வீடு வேணாம். என்ட வயலை வித்து என்னை மெட்ராசுக்குப் படிக்க அனுப்புங்க" என்றாள்.

"வீடில்லாத பொம்புளைய எவன் புள்ள கட்டுவான்?" என்று அம்மா தலையில் கை வைத்தா.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பிறகு சொன்னார். "தண்ணி வந்தா அத்திவாரம்தான் மிச்சம். படிச்ச படிப்பைத் தண்ணி கொண்டு போகாது. போகட்டும் அவள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெட்ராஸ்! கப்பல் போன்ற கடைகள், சுற்றிவரத் தமிழ், ஆமிக்காரன் இல்லாத தெரு. பெயிலானதுக்குப் பரிசு! பழம் நழுவிப் பாலில் விழும் என்பார்கள். இவளுக்குப் பாலும் நழுவிச் சீனிக்குள் விழுந்திருந்தது. "அப்ப நானும் மெட்ராசுக்குத்தான் போறன்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். "உனக்கென்ன விசரா கா? சும்மா கிடைச்ச கேம்பஸை விட்டுட்டுப் போறதா? வீடும் உனக்குத்தானே" என்றா அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. வீடும் கேம்பஸும் கிடைத்தவளுக்கு அதற்குமேல் வாய் இருக்கக் கூடாது.

அவள் பெட்டி அடுக்கும்போது கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நல்ல நீளமான தலைமயிர். அதற்காகவே ஊரில் அவளுக்குப் பேர். "அங்கத்தத் தண்ணி கூடாதாம்," என்றேன். "அதில குளிச்சாத் தலைமயிரெல்லாம் கொட்டிப் போகுமாம்." எனக்கு ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவள் பின்னலை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மெய்யாவா அக்கா?" என்றாள். போகாமல் நிற்பாள் என்று ஒரு நப்பாசை. ஆனால் அவள் இரண்டு போத்தல் தேங்காயெண்ணெயைப் பெட்டிக்குள் கூடுதலாக வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் வந்தாறுமூலைக்குப் போனேன். போனேன் என்பதைவிட, போய்ப் போய்த் திரும்பி வந்தேன் என்பதுதான் சரி. ஆமிக்காரன் சோதிக்கும் சென்றியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். புத்தகப் பையை, சோற்றுப் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு நடந்து போய் மறுபக்கம் ஏற வேண்டும். சண்டை திரும்பவும் தொடங்கியது. செல் குண்டு விழும் சத்தம் வாவியைத் தாண்டிக் கேட்டது. அக்கரைச் சனமெல்லாம் சட்டி பானையோடு இக்கரைக்கு வந்து கூடாரங்களில் கிடந்தது. எங்கள் வயல் பக்கம் ஒருவரும் போக முடியவில்லை. கேம்பஸ் பூட்டுவார்கள், திறப்பார்கள், சோதனைக்குத் திகதி போடுவார்கள், பிறகும் பூட்டுவார்கள். முதலாம் வருசக்காரி என்ற பேர் எனக்குப் பட்டம் போலவே ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோல் எடுப்பாள். "அக்கா, நேத்துப் பீச்சுக்குப் போனம். ராவு திரும்பி வரேக்க ஒன்பது மணியாப் போச்சு" என்பாள். ஒன்பது மணி! எங்களுக்கு ஆறு மணிக்கே படலையைச் சாத்திவிட வேண்டும். "இஞ்ச என்ன புதினம்?" என்று கேட்பாள்.

"இஞ்ச என்ன புதினம்? கேம்பஸ் பூட்டு. உனக்குத் தலைமயிர் கொட்டுதா?"

"இல்லையே அக்கா."

"கொட்டும். பாத்துக்கொள். இந்தா, அம்மாட்டக் குடுக்கிறன்."

படம் அனுப்பினால் முகத்தைப் பார்க்க மாட்டேன், நேரே பின்னலைத்தான் பார்ப்பேன். ஒரு மயிர் குறைந்திருக்கவில்லை. எனக்கோ செங்கலடிச் சந்தி வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நின்று மயிர் கொட்டி நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. கடவுளுக்குக் கண்ணில்லை என்று அப்போதெல்லாம் நிச்சயமாக நம்பினேன். பெயிலானவள் என்னைவிட முந்திப் படித்து முடித்து, அங்கேயே ஒரு வேலையும் பார்த்தாள். பட்டமளிப்புப் படத்தை அம்மா ஹோலில் மாட்டினா. என் வீட்டு ஹோலில், என் சுவரில் ஆணி அடித்து.

சண்டை முடிந்த பிறகுதான் என் படிப்பும் ஒருவழியாக முடிந்தது. அக்கரைப் பாதை திறந்தது. அப்பா மறுபடியும் வயலுக்குப் போய் வந்தார். தங்கச்சியும் ஊருக்கு வந்தாள், மெட்ராஸ் சாரிகளோடு. வந்த கையோடு அவளுக்கு ஒரு சம்மந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. இந்தியாவில் படித்த பிள்ளைதான் வேண்டுமென்று கேட்டார்களாம். எனக்கு ஏன் முதலில் பேசவில்லை என்றால், படிப்பு முடியட்டும், படிப்பு முடியட்டும் என்று வந்ததையெல்லாம் நான்தான் தட்டிக்கொண்டு வந்தேன். அதனால் அம்மாவும் சின்னவளுக்கு வந்ததை விட மனமில்லாமல் ஓம் என்றுவிட்டா.

மாப்பிள்ளையின் தாயும் தாய்மாமனும் வீடு வளவு பார்க்க வந்தார்கள். தங்கச்சி பச்சைச் சாரி உடுத்துத் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். அந்த மனிசி அவளை ஒரு பார்வைதான் பார்த்தா. பிறகு எழும்பி, சுவரைத் தட்டிப் பார்த்தா. கிணற்றை எட்டிப் பார்த்தா. பின்வளவுக்குப் போனவ, புல் முளைத்த அத்திவாரத்தின் முன்னால் நின்றா. அம்மா அதன்மேல் மிளகாய் காயப் போட்டிருந்தா.

"இது என்ன?"

"அது சின்னவள்ட" என்றா அம்மா, குரல் இறங்கி.

"அப்ப இந்த வீடு?"

"மூத்தவளுக்கு."

மனிசி திரும்பி வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணியை எடுத்தா. ஒரு மிடறு குடித்துவிட்டு, சத்தத்தைக் கூடக் குறைக்காமல் சொன்னா. "அப்ப மூத்தவவப் பேசினாலும் எங்களுக்கு ஒண்டுமில்ல. அவவும் கேம்பஸ் முடிச்சவதானே."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வராமலா போகும்! தங்கச்சியைப் பார்த்தேன். தட்டு அவள் கையில் சரிந்து, தேத்தண்ணி கோப்பையை விட்டுத் தட்டில் ஊற்றிக்கொண்டிருந்தது. மெட்ராசிலிருந்து அவள் எடுத்த ஒவ்வொரு கோலுக்கும் சேர்த்து அந்த முகத்தைப் பார்த்தேன்.

பிறகுதான் அந்த மனிசியைக் கவனித்தேன். என்னைப் பற்றித்தான் பேசினா, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தது கூரையை. மரம் வேம்பா, தேக்கா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தா. என்னைக் கேட்கவில்லை. வீட்டைக் கேட்டா. அலுமாரி கதிரையோடு நானும் அதில் அடக்கம். அந்த நேரம் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. இந்தச் சம்மந்தம் எனக்கு முடிந்தால் நான் சாகும்வரை இதே கிணற்றில் தண்ணீர் அள்ளுவேன். வீடில்லாத இவளோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் மெட்ராசுக்குப் போவாள்! இரண்டாம் தடவையும் அவளா?

"வீட்டைத் தங்கச்சிக்கு எழுதுங்க," என்றேன். "எனக்கு அந்த அத்திவாரம் மட்டும் காணும்."

"உனக்குப் பேய் கீய் புடிச்சிட்டா கா?" என்று அம்மா கத்தினா. தங்கச்சி தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். மாப்பிள்ளையின் தாய், "இப்பிடி ஒரு அக்காவை எங்க காணலாம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த தேத்தண்ணிக்குக் கோப்பையை நீட்டினா. பேச்சு தங்கச்சிக்கே முற்றாகியது.

அவர்கள் போனபிறகு அப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைக் கொடுத்ததை அவர் ஒரு சொல் புகழவில்லை. "நீ எங்க மகள் போகப் போறாய்?" என்று கேட்டார்.

அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் வீடில்லாதவளைத்தான் வெளியே விடுவார்கள்.

"மெட்ராசுக்கு. மேல படிக்க. என்ட பங்கு வயலை வித்துத் தாங்க."

அப்பா சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. "இப்ப வயலுக்கு விலையும் வந்திட்டுத்தான்" என்றபடி வெற்றிலைத் தட்டை இழுத்தார். அது அவருடைய சம்மதம். அம்மா முனகிக்கொண்டு மிளகாயை அள்ளப் போனா.

தங்கச்சி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வாசலுக்கு வந்தாள். அழுகை எப்போதோ காய்ந்திருந்தது.

"மெட்ராசுக்கா?" என்றாள்.

"ஓம்."

"தனியாவா?"

"நீ தனியாத்தானே போனாய்."

அவள் என்னைப் பார்த்தாள், ஹோலைப் பார்த்தாள், இனிமேல் அவளுடையதாகப் போகும் கூரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோலை வைத்த பிறகு நான் முகம் பார்த்த கண்ணாடியில் இருந்தது.

"அங்கத்தத் தண்ணி கூடாது அக்கா," என்றாள். "தலைமயிரெல்லாம் கொட்டிப் போகும்."

சொல்லிக்கொண்டே பின்னலை முன்னால் இழுத்துப் போட்டாள். அது இடுப்புக்குக் கீழே, மெட்ராசுக்குப் போன நாளில் இருந்ததைவிடத் தடிப்பாகக் கிடந்தது.

"அதுக்கென்ன," என்றேன். "ரெண்டு போத்தல் தேங்காயெண்ணெய் கூடக் கொண்டு போறன்."